பாலத்தில் தடியோடு கேட்ட வாழ்த்து

தாழை மணக்கும் நெடுங்கரைக்கும் ஏழு உப்பங்கழிக்கும் காவல் பூண்டவளும், நாரைக்கொடி உயர்த்தியவளும், பொன்மதில் நகரில் அரியணை அமர்ந்து இருபதாம் ஆண்டு ஆள்பவளுமாகிய தாழைநாட்டு அரசி வேண்மாள், நடுக்கடலில் நின்றும் நிலைகுலையாத தூவெண்தீவின் தலைவரும், நூறு மரக்கலம் உடையவரும், புயலில் சிக்கிய பகைவனையும் கைதூக்கிக் கரையேற்றும் அறம் உடையவருமான தீவரையர் பெருங்கடலனார் திருமுன் விடுக்கும் ஓலை. உம் தீவின் நன்னீர்க் கிணறுகள் வற்றாதிருக்கட்டும். உம் மீன்பாடு குறையாதிருக்கட்டும். கடல்மேல் சென்ற உம் மக்கள் அனைவரும் வீடு திரும்பட்டும்.

உமக்கு எழுதும் ஓலையை எப்போதும் உம் மக்களின் திருநாள் வாழ்த்தைச் சொல்லித் தொடங்குவது எம் வழக்கம். இம்முறை அதைச் சொல்லவில்லை. சொல்லும் உரிமையை யாம் இழந்தோம். இழந்தது எப்படி என்பதே இவ்வோலையின் செய்தி.

கார்த்திகை முழுநிலவு நாளில் எம் துறைநகரான இருகரைப்பட்டினத்தில் உம் குருதி வழியினர் கொல்லப்பட்டனர் என்று கேட்டு நீர் மரக்கலங்களைத் திரட்டி நிற்பதை அறிவோம். உம் சினம் தகும். ஆயினும் பாய் விரிக்குமுன் நடந்ததை முழுதும் கேட்டருள வேண்டும். கீழே வருவது, அன்று அந்நகரின் பாலத்தில் நின்ற காவல் தலைவன் எயினன் எம் அவையில் சொன்னதும், இருகரையிலிருந்தும் வந்த நாற்பது சான்றினர் அதனோடு ஒத்துச் சொன்னதும் ஆகும். பட்டினத்தார் பேசிய பேச்சை அரசவைத் தமிழாக மாற்றாமல் அவர் வாயில் வந்தபடியே எழுதுமாறு ஓலை எழுதுவோனைப் பணித்துள்ளோம்.

கருநீரி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்தது இருகரைப்பட்டினம். தென்கரையில் இருப்போர் விளக்கைத் தொழும் சுடர்நெறியார். எம் நெறியும் அதுவே. வடகரையில் இருப்போர் ஆறு தலைமுறைக்கு முன் உம் தீவிலிருந்து வந்து குடியேறிய கடல்நெறியார். கார்த்திகை முழுநிலவு தென்கரைக்கு விளக்குத் திருநாள். வடகரைக்கு அதுவே கரைநாள், அவர் முன்னோரின் மரக்கலம் கரை தட்டிய நாள். தென்கரையார் அன்று ‘சுடர் பெருகுக’ என்பர். வடகரையார் ‘கரை சேர்க’ என்பர். பாலத்தில் எதிர்ப்படும்போது ஒவ்வொருவரும் தம் வாழ்த்தை விட்டு, எதிரே வருபவரின் வாழ்த்தைச் சொல்வார்கள். இதை யாரும் விதிக்கவில்லை. இப்படிச் சொன்னதால் எவரும் தம் நெறியை விட்டதாகவும் எண்ணவில்லை. வடகரைக்காரர் ‘சுடர் பெருகுக’ என்று சொல்லிவிட்டு நேரே போய்த் தம் கடல்தெய்வத்துக்கு நீர் வார்ப்பார்.

இந்நகரை ஆளும் பொறுப்பை எம் தம்பி இளங்கோ வெளியனிடம் கொடுத்திருந்தோம். தாய் இறந்தபின் அவனுக்கு நடை பழக்கியது எம் கை. அவன் ஐப்பசியில் எமக்கு ஒரு முறையீடு எழுதினான். ஒரே நகரில் ஒரே நாளில் இரண்டு வாழ்த்து ஒலிப்பது நகரை இரண்டாகப் பிளக்கிறது, வேற்றுநாட்டார் இது யாருடைய ஊர் என்று கேட்டுச் சிரிக்கிறார்கள், இனி எல்லாரும் அரசின் வாழ்த்தாகிய ‘சுடர் பெருகுக’ என்பதை மட்டுமே சொல்ல ஆணை வேண்டும் என்று கேட்டான். ஒற்றுமை என்ற சொல் அம்முறையீட்டில் ஏழிடத்தில் இருந்தது. யாம் இணங்கினோம். அவனே எழுதி அனுப்பிய ஆணையோலையில், ‘மறுப்பவர் திருத்தப்படுக’ என்று கடைசி வரி இருந்தது. எடுத்துச் சொல்லித் திருத்துவான் என்று யாம் எண்ணினோம். அவன் எண்ணியது வேறு. யாம் அவ்வோலையை இரண்டாம் முறை படிக்காமல் இலச்சினை இட்டோம்.

பாலக்காவல் தலைவன் எயினன் நாற்பத்திரண்டு வயதினன், சுடர்நெறியான், பதினெட்டு ஆண்டு அந்த மரப்பாலத்தையே காத்தவன். அகன்ற தோளும் மெல்லிய குரலும் உடையவன். மேலிடத்துச் சொல்லுக்கு எதிர்ச்சொல் பேசி அறியாதவன். அவனுக்கு வடகரையில் ஓர் உயிர்த்தோழன் இருந்தான். மரக்கலம் கட்டும் ஓடாவி திரையன் அவன். எயினனைவிடப் பத்து வயது மூத்தவன். ஆண்டுக்கு ஒருமுறை பாலத்தின் உளுத்த பலகைகளை மாற்றித் தருபவனும் அவனே. வேலை முடிந்ததும் இருவரும் பலகைமேல் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து ஒரே கலத்தில் கஞ்சி குடிப்பார்கள்.

திருநாள் விடியலில் வெளியன் தன் சொந்தப் படையிலிருந்து முப்பது பேரைக் கருங்காலித் தடிகளோடு பாலத்துக்கு அனுப்பினான். எயினன் கையில் ஆணையோலை தரப்பட்டது. அவன் எழுத்தறிந்தவன். படித்தான். ‘ஒரு சொல்தானே, எல்லாரும் ஆண்டுதோறும் சொல்வதுதானே’ என்று தன்னையே தேற்றிக்கொண்டதாக எம்மிடம் சொன்னான். பிறகு பாலத்தின் நடுவில் நின்று, வருவோரை நிறுத்திச் சொல்லச் சொன்னான்.

காலையில் பலர் சொன்னார்கள். முதலில் வந்த மீன்காரிகள் விளையாட்டு என்று எண்ணிச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். தடிகளைக் கண்டபின் வந்தவர்கள் சிரிக்கவில்லை. ஒருத்தி சொல்லிவிட்டு ஆற்றில் காறித் துப்பினாள். ஒரு முதியவர் சொல்லிவிட்டு, “என் வாய் நாறுதுய்யா” என்றார். எயினன் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு எல்லாரையும் விட்டான். மாலுமி ஒருவன் மட்டும் வாய் திறக்காமல் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தான். முப்பது பேரும் எயினனைப் பார்த்தார்கள். எயினன் பக்கத்தில் நின்றவனிடமிருந்து தடியைப் பிடுங்கி மாலுமியின் முழங்காலில் அடித்தான். எலும்பு முறிந்த ஓசை தனக்குக் கேட்டது என்றான். மாலுமி மண்டியிட்டு, அழுதுகொண்டே, கேட்டதைச் சொன்னான். அந்நாளின் முதல் அடி அதுவே. அதை அடித்தவன் எயினன். இதை அவன் மறைக்கவில்லை, யாமும் மறைக்கவில்லை.

உச்சிவேளையில் வெளியன் குதிரைமேல் வந்து பாலத்தில் நின்றான். அதே நேரத்தில் வடகரையிலிருந்து திரையன் வந்தான். புதுவேட்டி உடுத்து, இலை மூடிய பானை ஒன்றைக் கையில் ஏந்தியிருந்தான். கரைநாள்தோறும் தேங்காய்ப்பாலில் வெந்த அரிசிமாக் கொழுக்கட்டையை எயினன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வழக்கம். அவனுக்குப் பின்னால் சற்றுத் தொலைவில் அவன் மகள் நீலை வந்துகொண்டிருந்தாள். வழக்கம்போல் வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தவன், தடிகளைப் பார்த்தான், முழங்கால் முறிந்து கைப்பிடியோரம் கிடந்த மாலுமியைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான்.

“சொல்” என்றான் வெளியன்.

“சொல்லத்தான் சாமி வந்தேன்” என்றான் திரையன். “பதினெட்டு வருசமா இதே இடத்துல இவன்கிட்டச் சொல்லியிருக்கேன். தடியெல்லாம் கீழ வைக்கச் சொல்லுங்க, இப்பவும் சொல்றேன்.”

வெளியன் தடிகளைக் கீழே வைக்கச் சொல்லவில்லை. எயினன் தோழன் அருகே போய்க் காதோடு கெஞ்சினான்.

“அண்ணே, சொல்லிரு அண்ணே. ஒரு சொல்லுதானே.”

“ஒரு சொல்லுதான் எயினா. நானா குடுத்தாத்தான் அது வாழ்த்து. அடிச்சுப் புடுங்குனா அதுக்கு வேற பேரு.”

“உன் மக பாக்குறா அண்ணே.”

“பாக்கட்டும். அவளுக்கும் தெரியணும்.”

வெளியன் எயினனைப் பார்த்து அடிக்க ஆணையிட்டான். எயினனின் கையில் காலையில் மாலுமியை அடித்த அதே தடி இருந்தது. அவன் அடிக்கவில்லை. தடியைக் கீழே போடவும் இல்லை. மரம்போல நின்றான். எயினன் அசையாததைக் கண்டு வெளியனின் ஆள் ஒருவன் முன்னே வந்து திரையனின் நெற்றிப்பொட்டில் அடித்தான். பானை விழுந்து உடைந்தது. திரையன் ஒரு முழங்காலில் சாய்ந்து நிமிர்ந்தான். “சொல்” என்றான் வெளியன் மறுபடியும். திரையன் தலையசைத்து மறுத்தான். இரண்டாம் அடி காதுக்குப் பின்னால் விழுந்தது. மூன்றாம் அடி விழுந்தபோது அவன் முகம் பலகையில் இருந்தது. அதற்குப் பிறகு ஐந்தாறு பேர் சேர்ந்து அடித்தார்கள். அவன் தன் கையால் இழைத்துப் பொருத்திய பலகைகளின் இடுக்கு வழியே குருதி ஆற்றில் சொட்டியது.

உயிர் போனபின் அவன் உடலைக் காலைப் பிடித்துத் தூக்கி, “போய்க் கரை சேரு!” என்று சிரித்து ஆற்றில் எறிந்தார்கள். தீவரையரே, ஆறு தலைமுறையாக ஒருவரையொருவர் நலம் பாராட்டிய சொல்லைப் பிணத்தின்மேல் எறிந்தவர்கள் எம் நெறியினர். இதை எழுதுவோனின் எழுத்தாணி இவ்விடத்தில் இருமுறை நின்றது.

நீலை அலறிக்கொண்டு வடகரைக்கு ஓடினாள். நாழிகை ஒன்று ஆகுமுன் வடகரை எழுந்தது. திரையனின் தம்பி கொண்டல் என்பவன் கப்பல்துறையில் ஐம்பது மாலுமிகளைக் கூட்டினான். மரம் செதுக்கும் வாய்ச்சிகளும் துடுப்புகளும் கொக்கித்தடிகளும் அவர்கள் கையில் இருந்தன. அன்று வடகரையில் தென்கரையார் பலர் இருந்தார்கள். அகல்விளக்கு விற்க வந்த குயவரும், பூ விற்க வந்த பெண்டிரும், திருநாளுக்கு உறவுபோல் வந்தவருமாக அவர்கள் வந்திருந்தார்கள். கொண்டல் அவர்களைச் சந்தையில் வரிசையாக நிறுத்தி ‘கரை சேர்க’ என்று சொல்லச் சொன்னான். அவர்கள் ஆண்டுதோறும் மகிழ்ந்து சொன்ன சொல்தான் அது. அச்சத்தில் சிலருக்கு நாக்கு எழவில்லை, அவர்களை வெட்டினார்கள். நடுங்கிச் சொன்னவர்களைப் பொய் சொல்கிறாய் என்று வெட்டினார்கள். உரக்கச் சொன்ன ஒரு குயவனை, எங்கள் சொல்லைத் தீட்டாக்கினாய் என்று வாயிலேயே வாய்ச்சியால் கொத்தினார்கள். இருபத்துநான்கு பேர் அங்கே மாண்டார்கள். அவர்களில் பதினொருவர் பெண்கள்.

அந்தக் கூக்குரல் ஆற்றைத் தாண்டிக் கேட்டது. தென்கரையில் வெளியன் அதை மனத்துள் எதிர்பார்த்திருந்தவன் போல நடந்துகொண்டான். கோயில் விளக்குகளுக்கென்று வைத்திருந்த எண்ணெய்க் குடங்களைக் கொண்டுவரச் சொன்னான். தென்கரையிலேயே வாழ்ந்த கடல்நெறியாரின் வலைக்காரத் தெருவை முதலில் கொளுத்தினார்கள். கதவுகளை வெளியே தாழிட்டுக் கூரையில் எண்ணெய் ஊற்றினார்கள். இருபத்தேழு பேர் அங்கே வெந்து மடிந்தார்கள். பின்னர் முந்நூறு பேர் எண்ணெயும் தீப்பந்தமும் ஏந்தி வடகரையைக் கொளுத்தப் பாலத்தை நோக்கி வந்தார்கள். எதிர்ப்புறத்தில் கொண்டலின் கூட்டம் இருநூறாகப் பெருகிப் பாலத்தை நோக்கி வந்தது.

நடுவில் எயினன் நின்றான். அவனோடு காவலர் ஒன்பது பேர். திரையன் விழுந்த இடத்திலிருந்து அதுவரை அவன் நகரவில்லை என்று காவலர் சொன்னார்கள். இரண்டு பக்கத்தையும் பார்த்தான். பிறகு தடியை ஆற்றில் எறிந்துவிட்டு வாளை உருவினான்.

“பலகையப் பேருங்கடா” என்றான்.

பெரிய மரக்கலங்கள் உள்ளே வருவதற்காகப் பாலத்தின் நடுப்பகுதிப் பலகைகள் கழற்றும்படி கட்டப்பட்டிருந்தன. தடித்த கயிறுகளே அவற்றைப் பிடித்திருந்தன. காவலரில் மூவர், நம் ஆட்களைத் தடுக்க மாட்டோம் என்று சொல்லித் தென்கரைக் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். ஆறு பேர் நின்றார்கள். அவர்களில் இருவர் கடல்நெறியார். நால்வர் கயிறுகளை அறுக்கத் தொடங்கினார்கள். கடல்நெறிக் காவலர் இருவரும் வடக்கே திரும்பித் தம் மக்களையே எதிர்த்து நின்றார்கள். எயினன் தெற்கே திரும்பினான்.

முதலில் வந்தவன் செக்கான் கூத்தன். எயினன் வீட்டுக்கு அடுத்த வீடு.

“விலகு எயினா. அங்க நம்ம பொம்பளைங்கள வெட்டிப் போட்டுருக்கானுங்க.”

“தெரியும். நீ போனா இன்னும் நூறு விழும். திரும்பிப் போ கூத்தா.”

“நீ யாரு பக்கம்டா?”

எயினன் வழிவிடவில்லை. கூத்தன் எண்ணெய்க் குடத்தை அவன்மேல் வீசிப் பந்தத்தை நீட்டினான். எயினன் அவன் கழுத்தில் வெட்டினான். இருபது ஆண்டு அடுத்த வீட்டில் இருந்தவன் அவன் காலடியில் துடித்து அடங்கினான். அதன்பின் வந்தவர்களை எண்ணவில்லை என்றான். குறுகிய பாலம் ஆதலால் மூவருக்குமேல் ஒரே வரிசையில் வர இயலவில்லை. அவன் வெட்டினான், உதைத்தான், வாள் ஒருவனின் விலாவில் சிக்கியபோது தலையால் மோதினான். சிந்திய எண்ணெயில் தீப்பற்றிப் பாலம் எரியத் தொடங்கியது. தீயில் சிக்கியவர்கள் ஆற்றில் குதித்தார்கள். வடக்கே நின்ற காவலர் இருவரும் துடுப்படி பட்டு ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தார்கள். ஒருவன் பெயர் முரல், மற்றவன் பெயர் கழியன். இருவரும் உம் குருதி. எம் கூலி உண்டவர். இரு கரையையும் காத்துச் செத்தவர்.

மூன்று கயிறுகள் அறுந்தன. நான்காவதைப் பிடித்திருந்த காவலன் அம்பு பட்டுச் சாய்ந்தான். எயினன் குனிந்து அக்கயிற்றைப் பிடித்துத் தானே அறுக்கத் தொடங்கினான். அப்போது வெளியன் குதிரையை விட்டிறங்கிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். கயிறு பிடித்திருந்த எயினனின் வலக்கையை மணிக்கட்டுக்குமேல் வெட்டினான். கை தனியே கயிற்றோடு தொங்கியது. எயினன் இடக்கையால் வாளைக் கயிற்றின்மேல் இறக்கினான். நடுப்பாலம் எரிந்தபடியே ஆற்றில் சரிந்தது. அதன்மேல் நின்ற யாவரும் உடன் விழுந்தார்கள். வெளியன் மட்டும் பின்னோக்கிப் பாய்ந்து தப்பினான்.

நீரோட்டம் எயினனை வடகரையில், திரையனின் பணித்துறைக்கு அருகே ஒதுக்கியது. மாலுமிகள் மயிரைப் பிடித்து மேலே இழுத்தார்கள். கொண்டல் வந்து அவன் மார்பில் கால் வைத்து வாய்ச்சியை ஓங்கினான்.

“கரை சேர்கன்னு சொல்லு. சொன்னா ஒரே வெட்டு. இல்லாட்டி விரல் விரலா.”

எயினன் வாயிலிருந்து ஆற்றுநீரும் குருதியும் வந்தன. அவன் சொன்னது இது:

“உங்க அண்ணன்கிட்ட வருசா வருசம் சொன்னேன். உனக்குச் சொல்ல மாட்டேன். வெட்டிக்க.”

கொண்டல் வெட்டியிருப்பான். நீலை வந்து இடையில் நின்றாள். அவள் தந்தையின் உடலை அப்போதுதான் கரையொதுக்கிலிருந்து எடுத்து வந்திருந்தார்கள். அவள் கை முழுதும் சேறு.

“சித்தப்பா, நிறுத்து. இவன் எங்கப்பன அடிக்கல” என்றாள். பிறகு எயினனைக் குனிந்து பார்த்து, “தடுக்கவும் இல்ல. கையில தடிய வச்சுக்கிட்டு நின்னான். நான் பாத்தேன்” என்றாள்.

“அப்புறம் என்னத்துக்கு இவன விடணும்?”

“செத்தவனெல்லாம் பேச மாட்டான். நடந்தத அந்தக் கரைக்காரன் ஒருத்தன் அரசி முன்னால நின்னு சொல்லணும். இவன் வாய் எனக்கு வேணும்.”

அங்கே, மரக்கலத்தின் இடுக்குகளை அடைப்பதற்கான கீல் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. மரக்கரண்டியில் அதை மொண்டுவந்து நீலை எயினனின் வெட்டுண்ட கையில் ஊற்றினாள். நால்வர் அவனை அமுக்கிப் பிடித்தார்கள். அவன் போட்ட அலறல் தென்கரை வரை கேட்டது என்று சான்றினர் சொன்னார்கள். குருதி நின்றது. இரக்கத்தால் அவள் அதைச் செய்யவில்லை என்று எயினனே சொன்னான். அவள் கண்ணில் இரக்கம் இல்லை என்றான்.

பாலம் போனதால் இரு கூட்டமும் ஒன்றையொன்று எட்ட முடியவில்லை. நான்காம் நாள் எம் படை வந்தது. எதிர்த்து நின்ற கொண்டல் துறைமுகத்திலேயே வீழ்ந்தான். அவனோடு கொலை செய்தோர் பதினால்வரையும், வலைக்காரத் தெருவைக் கொளுத்தியோர் பத்தொன்பதின்மரையும், திரையனை அடித்துக் கொன்றோர் அறுவரையும் விசாரித்து, ஆற்றின் இரு கரையிலும் ஊரார் காணத் தலை வாங்கினோம். சுடர்நெறியாரைச் சுடர்நெறியாரும், கடல்நெறியாரைக் கடல்நெறியாரும் வந்து எடுத்து அடக்கினர்.

பிறகு அவையைக் கூட்டினோம். எயினன் காய்ச்சலோடு வந்து நின்றான். காலை முதல் மாலை வரை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். வெளியனின் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தவில்லை. இரண்டாயிரம் உயிரைக் காத்தாய், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். குற்றவாளிகள் பட்டியலை இன்னொரு முறை படிக்கச் சொன்னான். படித்து முடித்ததும், “அதுல எம் பேரு விட்டுப்போச்சு தாயே” என்றான்.

வெளியனை நிறுத்திக் கேட்டோம். அவன் அஞ்சவில்லை. மடியிலிருந்து ஆணையோலையை எடுத்து நீட்டினான். “அக்கா, ‘மறுப்பவர் திருத்தப்படுக’ என்று உன் இலச்சினையோடு இருக்கிறது. திருத்தினேன். என்னைக் கேட்பதை உன்னைக் கேட்டுக்கொள்” என்றான். யாம் அவ்வோலையை வாங்கிப் பார்த்தோம். நாரை இலச்சினை எம்முடையதே. எழுபது நாள் முன்பு அதை மறுமுறை படிக்க இரு நொடி போதுமாயிருந்தது. படித்திருந்தால் திரையன் தன் பானையோடு பாலத்தைக் கடந்திருப்பான். அன்று யாம் உண்ணவில்லை. அவன் குழந்தையாக இருந்தபோது அழாமல் உறங்க எம் விரலைப் பிடித்துக்கொள்வான். அது ஓயாமல் நினைவில் வந்தது.

அவன் தலையை அன்றே வாங்கியிருக்கலாம். வாங்கினால் எம் ஓலையின் குற்றத்தையும் அவனோடு சேர்த்துப் புதைத்ததாக ஆகும். ஆதலால் அவனை விலங்கிட்டு இக்கலத்தில் உம்மிடம் அனுப்புகிறோம். எம் இலச்சினை பதிந்த அந்த ஆணையோலையும் உடன் வருகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்து விசாரியும். அவனுக்காக யாம் உம்மிடம் ஒன்றும் வேண்டவில்லை. தை மாதம் வளர்பிறை ஐந்தாம் நாள், படையும் குடையும் இன்றி ஒரு தோணியில் யாமே உம் தீவுக்கு வந்து, ஆணையில் இலச்சினை இட்டதற்கு உம் அவையில் விடை சொல்வோம். அதுவரை பாய் விரிக்காதிருக்கக் கேட்கிறோம்.

அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. எந்நெறியாரின் வாழ்த்தையும் எவரிடமும் எவரும் கேட்டு வாங்கலாகாது. சொன்னவரைப் புகழவும் சொல்லாதவரைப் பழிக்கவும் அரசுக்கு உரிமை இல்லை. இதை மீறும் அதிகாரி பதவியும் ஒரு கையும் இழப்பான் என்று புதிய ஆணையை இரு கரையிலும் கல்லில் வெட்டுவித்தோம். இவ்வாண்டு அப்பட்டினத்தில் எவரும் எவருக்கும் மனமுவந்து வாழ்த்துச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டும் சொல்வார்களா என்பது எமக்குத் தெரியாது. அதை ஆணையிட்டு வருவிக்க முடியாது என்பதை மட்டும் அறிந்துகொண்டோம்.

இன்னும் ஒன்று உண்டு. நீலை தன் தந்தைவழிச் சுற்றத்தாரோடு உம் தீவில் வந்து தங்கியிருப்பதாக அறிந்தோம். இவ்வோலையை இடக்கையால் உம் முன் நீட்டி நிற்பவனே எயினன். அவனைக் குற்றவாளி என்று எம் அவையால் சொல்ல இயலவில்லை. குற்றமற்றவன் என்று அவனே ஒப்பவில்லை. தன் தீர்ப்பை நீலையின் வாயால் கேட்க வேண்டும் என்று எம்மிடம் இசைவு கேட்டான், கொடுத்தோம். வாளும் துணையும் வேண்டாம் என்று விட்டுவிட்டே வருகிறான். அவனை அவளிடம் அழைத்துச் செல்லவும். அவள் என்ன சொல்லவேண்டும் என்று எவரும் அவளுக்குக் கற்பிக்க வேண்டாம். இப்போது பேச விருப்பமில்லை என்றால், அவள் பேசும்வரை அவன் காத்திருப்பான்.

கடைசியாக, இவ்வோலையைக் காணும் தாழைநாட்டு அதிகாரிகளுக்கும் படைத்தலைவர்க்கும் துறைக்காவலர்க்கும் எம் ஆணை: எயினன் திரும்பி வந்தால் வழிவிடுக. அவன் திரும்பி வராவிட்டால், அதன்பொருட்டு எம் நாட்டில் எவரும் தூவெண்தீவின்மேல் வாளெடுக்கலாகாது. எடுப்பவர் எம்மையே எதிர்த்தவராவர்.

வேண்மாள் சொல்ல, அவையோர் கேட்க, ஓலைநாயகம் மாறன் பொறையன் எழுதினான். மூன்று முறை படித்துக் கேட்டபின் நாரை இலச்சினை இட்டோம்.